304-ஆம் அறை அம்மன்

"இன்னாம்மா இது! ஓட்டல் ரூமுல கற்பூரம் கொளுத்திக்கினு கீற?"

மேனேஜர் டில்லிபாபுவின் கத்தலைத் தேசம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. துடைப்பத்தையும் செருப்பையும் 304-க்கு வெளியே விட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சும்மா கெட நைனா. அம்மா மொறைக்கிறது தெரியல?"

சுவர் முழுக்க ஒரு முகம். அகலப் பொட்டு, இரண்டு பக்கமும் மூக்குத்தி, உருட்டி விழிக்கும் கண்கள். அதை வரைந்த ஆனந்தகுமார் கையில் பிரஷ்ஷோடு மூலையில் நின்றிருந்தான்.

தி.நகரில் இருந்த அந்த ஓட்டலில் ஓவியர்களுக்கு ஓர் ஏற்பாடு. ஒரு மாதம் தங்கலாம், சாப்பிடலாம். பதிலுக்கு அறைச் சுவரில் இஷ்டப்பட்டதை வரைய வேண்டும். முதலாளி அய்யாதுரைக்குப் பிடித்துவிட்டால் மீதி இருபது அறைகளிலும் வரையும் வேலை அவனுக்கே. பிடிக்காவிட்டால் அன்றைக்கே வெள்ளையடித்து, ஆளையும் அனுப்பிவிடுவார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பாவம், அவனுக்கு வந்த ஒரே வாய்ப்பு இதுதான்.

"ஜவுளி எடுக்க வர்ற குடும்பம் இத்த பாத்துட்டு எப்படி சார் தூங்கும்? கொழந்தைக்கு ஜொரம் வந்துடும்" என்ற டில்லிபாபு, வெள்ளை பெயின்ட் வாளியை ஏற்கெனவே வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தான்.

முதலாளி வந்தார். சுவரைப் பார்த்தார். ஆனந்தகுமார் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"யாரைப் பாத்து தம்பி வரைஞ்சிய?"

"நேர்ல உட்கார வெச்சு வரையலை சார். கண்ணை மூடினாலே வந்து நின்னு முறைக்கிறாங்க. ரெண்டு வருஷமா இப்படித்தான். வரைஞ்சா பயம் தெளியும்னு நெனச்சேன்."

"கனவுலயும் வருவாவளா?"

"தினமும் சார். 'உருப்படற வழியைப் பாரு'ன்னு ஒரே அதட்டல்."

அய்யாதுரை சட்டென்று செருப்பைக் கழற்றினார்.

"ஆத்தா! இந்தப் பிள்ளைக்குக் காட்சி குடுத்து, என் கட்டடத்துல வந்து உக்காந்துட்டியா!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். டில்லிபாபுவும் வாளியைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுப் பக்கத்திலேயே விழுந்தான்.

"ஐயோ சார், அது வந்து..."

"நீங்க ஒண்ணும் பேசாதிய தம்பி. இனிமே இந்த ரூமை யாருக்கும் விடக் கூடாது. வர்ற வெள்ளிக்கிழமை கூழ் ஊத்துவோம். கதவைத் திறந்து வைங்க, தெருவே வந்து கும்பிடட்டும். மீதி இருபது ரூமும் உங்களுக்குத்தான்!"

இருபது அறை என்றதும் ஆனந்தகுமார் திறந்த வாயை மூடிக்கொண்டான். சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது. அடுத்த நொடி ஏதோ உறைக்க, பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தான்.

"ஜானு, ஆடித் தள்ளுபடிக்கு உங்கம்மாவை மட்டும் தி.நகர் பக்கம் அனுப்பிடாதே!"