நாலு மாதத்தில் தேய்ந்த பிரேக்

"நாலே மாசம். நாலே மாசத்துல இப்புடித் தேஞ்ச பேட்ட நான் பார்த்ததே இல்லைங்க சேர்!"

கழற்றிய பிரேக் பேட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான் ஆண்டியப்பன். டயகம ரோட்டில் இருக்கும் அவனுடைய கராஜுக்கு வராத வண்டி இல்லை. இது ஒரு சின்னக் கார். ஓட்டுகிறவர் ஒருவர், கூட ஏறுகிறவர் யாருமில்லை. அப்புறம் எப்படி இந்தத் தேய்மானம்?

கார்க்காரர் கஜதீபன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணக்கு வாத்தியார். காலையில் பள்ளிக்கூட கேட்டில் நின்று, பிந்தி வரும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துகிற வேலையும் அவருடையதுதான்.

"முன்னுக்கு, பின்னுக்கு எல்லாத்தையும் மாத்திவிடுங்கோ அண்ணை. இந்த இறக்கத்தில பிரேக் ஒருநாளும் கைவிடக்கூடாது" என்றார் அவர்.

"கண்ண மூடிக்கிட்டு மாத்த முடியாதுங்க சேர். பின் சக்கரத்துல பிரேக் லைனர் புதுசு மாதிரி இருக்கு. முன்னாலதான் பேட் போயிருக்கு, டிஸ்க் மெலிஞ்சிருக்கு. காரணம் தெரியாம மாத்துனா அடுத்த நாலு மாசத்துல திரும்ப வந்து நிப்பீங்க. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல எறங்குறீங்களா?"

"சீச்சீ, இல்லை."

"வேகமா வந்து பிரேக்க அடிச்சுப் புடிக்கிறீங்களா?"

"நானோ?"

இல்லை என்று டிஸ்க்கே சொன்னது. அடித்துப் பிடித்தால் டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கும். இது கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. மிதித்த காலை எடுக்காமல், நாள் தவறாமல் ஊர்ந்தால்தான் இப்படி ஆகும். காலிக் காரை இந்த மனுசன் எதற்காக உருட்டிக்கொண்டு போக வேண்டும்?

ஆண்டியப்பனுக்கு அவர்மேல் ஏற்கெனவே கொஞ்சம் கடுப்பு உண்டு. மகள் பிரியந்தி படிப்பது அவருடைய பள்ளிக்கூடத்தில்தான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேட்டு லயத்திலிருந்து நடந்தே போகிறாள்.

"சேர் காலிக் காருல எங்க பின்னாலேயே வாறாருப்பா. ஒருத்தரையும் ஏத்த மாட்டாரு. யாரு மெதுவா நடக்குறான்னு வேவு பார்க்கத்தான் வாறாரு" என்று தினமும் வந்து புலம்புவாள்.

"இப்ப பேட் மட்டும் மாத்தித் தாறேன் சேர். திங்கக்கிழமை காலையில நானும் கூட வாறேன். நீங்க ஓட்டுங்க, பார்த்துட்டு மத்ததச் சொல்றேன்."

கஜதீபன் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "சரி, வாங்கோ" என்றார்.

திங்கட்கிழமை. முப்பதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். மேட்டு லயத்தைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் கார் ஊர ஆரம்பித்தது. முன்னால் குடையும் பையுமாகப் பதினாறு பிள்ளைகள் நடந்துகொண்டிருந்தார்கள்.

"பார்த்தீங்களா, பிரேக்குல கால வச்சே வாறீங்க! முதல் கியர்ல விட்டா இஞ்சினே புடிச்சுக்குமே?"

"முதல் கியரும் பிள்ளையளின்ர நடையை விட வேகம் அண்ணை."

"அப்ப ஹாரன் அடிங்க. ஒதுங்கிக்குவாங்க."

"எங்க ஒதுங்கிறது? அந்தப் பக்கம் பள்ளம்."

பின்னால் ஒரு பஸ் வந்து விடாமல் ஹாரன் அடித்தது. கஜதீபன் வழி விடவில்லை. நாலு பக்க விளக்கையும் மின்ன விட்டு, நடுரோட்டுக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். பஸ்காரன் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் திட்டினான். கஜதீபன் காதிலேயே வாங்கவில்லை.

பிரியந்தி திரும்பிப் பார்த்தாள். உள்ளே அப்பா இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. காரைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு நடையை எட்டிப் போட்டாள்.

ஆண்டியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"இம்புட்டுப் பாடு எதுக்குங்க சேர்? சீட்டெல்லாம் சும்மாதானே கெடக்கு. நாலு புள்ளைகள ஏத்திக்கிட்டுப் போனா பேட்டும் தேயாது, நல்ல பேரும் கெடைக்கும்ல?"

கஜதீபன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாலு பேரை ஏத்திக்கொண்டு நான் முன்னுக்குப் போனா, மிச்சப் பன்னிரண்டு பேருக்கும் அந்த பஸ்ஸுக்கும் நடுவில ஆர் வாறது?"

ஆண்டியப்பன் திரும்பி, பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த பஸ்ஸைப் பார்த்தான். இத்தனை நாள் மகள் சொன்னதைக் கேட்டு, 'வாத்தியாருக்கு மனசே இல்ல' என்று கூடச் சேர்ந்து திட்டியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும் கஜதீபன் பழைய கஜதீபன் ஆகிவிட்டார்.

"மணி என்ன? ஆடிப்பாடியே வாறியள்? வரிசையில நில்லுங்கோ!"

பிள்ளைகள் முணுமுணுத்தபடி வரிசையில் நின்றார்கள். ஆண்டியப்பன் ஓரமாகப் போய், அட்டனில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் செல்லசாமிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, சின்னக் கார் ஒண்ணுக்கு டிஸ்க் ரெண்டு, பின் லைனர் ஒரு செட்டு, பிரேக் ஒயில். எல்லாம் ஒரிஜினலா வேணும். இன்னைக்கே பஸ்ல குடுத்து விடுங்க."

"பின் லைனரும் தேஞ்சிருச்சா?"

"தேயலண்ணே. இருந்தாலும் புதுசாப் போடணும்."

"தேயாததையும் மாத்துறியே, அப்புடி யாரு காருப்பா அது?"

"எம் மக ஸ்கூலுக்குப் போற காருண்ணே."