முடியாது சார்

தொழிலாளர் நல அதிகாரி அவளுடைய பிளாஸ்டிக் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

எல்லாம் லீவு லெட்டர்கள். பதினோரு வருடத்துச் சேமிப்பு. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மையில் ஒரே பதில்: முடியாது.

அவள் வேலை பார்த்த, ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துத் தேய்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசருக்கு அதுவே பெயராகிவிட்டது. முடியாது சார். அவரிடம் லீவு வாங்குவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று. மறுப்பதோடு விடமாட்டார். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, காகிதத்தை அவள் கையிலேயே திணிப்பார்.

"பத்திரமா வெச்சுக்கம்மா."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போலிருக்கும். வேலையை விட்டுப் போகிற அன்று அவர் முகத்தில் விட்டெறியத்தான் அவள் அத்தனையையும் சேர்த்துவைத்தாள்.

ஈரத் தரையில் வழுக்கி முழங்கால் உடைந்தபோது கம்பெனி கையை விரித்துவிட்டது. அவள் வேலையாளே இல்லையாம். சேவை ஒப்பந்தக்காரியாம். தனக்குத் தானே முதலாளியாம். இஷ்டப்பட்டால் வரலாம், இல்லாவிட்டால் வேறு ஆளை அனுப்பலாமாம். படிக்காமல் போட்ட கையெழுத்து ஒப்பந்தத்தின் அடியில் பல்லை இளித்தது.

வைத்தியமும் போச்சு, வேலையும் போச்சு என்றுதான் இங்கே வந்திருந்தாள்.

அதிகாரியின் விரல் ஒரு காகிதத்தில் நின்றது. தம்பி கல்யாணத்துக்குக் கேட்ட லீவு. எனக்குப் பதிலாகத் தங்கையை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாள்.

அடியில் சிவப்பு மை: 'முடியாது. வேறு ஆள் கூடாது. காலை ஆறு மணிக்கு நீங்களே வரவேண்டும்.'

அந்தக் கல்யாணத்தை அவள் போட்டோவில்தான் பார்த்தாள்.

எதிரே இருந்த கம்பெனி மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "லீவு குடுக்காதேன்னுதான் சார் அந்தாள்கிட்ட சொன்னோம். எழுதிக் குடுக்கக் கூடாதுன்னும் சொன்னோம். கேக்கலை. அதான் போன மாசம் வேலைய விட்டே அனுப்பிட்டோம்."

நுணலும் தன் வாயால் கெடும். அதிகாரி பேனாவை எடுத்தார்.

அவள் கம்பெனியின் வேலையாள்தான் என்று முடிவானது. வைத்தியச் செலவும் வேலையும் திரும்பக் கிடைத்தன. வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. பதினோரு வருடம் அவரைத் திட்டித் தீர்த்த வாய் அது.

பையோடு, ஊன்றுகோலோடு வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் முடியாது சார் உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தவள், அவர் மடியில் இருந்ததைப் பார்த்து நின்றாள்.

அதே ஒப்பந்தம். அதே வாசகம். அடியில் அவர் கையெழுத்து.

அது ஒன்றுதான் அவரிடம் இருந்தது. ஒருநாளும் லீவு கேட்காத மனுஷன்.

உள்ளே அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அவள் பையை அவர் கையில் திணித்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. ஒவ்வொண்ணுலயும் நீங்களும் இருக்கீங்க, சார்."