வாமதேவனின் சைக்கிள்

பனி கொட்டி பஸ் ஓடாத காலை. பாரிஸ் லா சப்பல் மளிகைக் கடைக்குப் பிந்தி வந்தவர்களை முதலாளி நாகேஸ்வரி ஏசினார்.

“வாமதேவன் அண்ணையைப் பாருங்கோ. வெயிலெண்டாலும் பனியெண்டாலும் அவற்றை சைக்கிள் முதல் ஆளா வாசலிலை நிக்கும்.”

“எல்லாம் பழக்கம்தான்,” என்று வாமதேவன் அடக்கமாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“அப்ப இந்தப் பெட்டியை ஒருக்கா அடுத்த மெட்ரோவடி, மார்க்ஸ் டோர்மோய்க் கடையிலை குடுத்திட்டு வாங்கோ.”

வெளியே வந்தவர் சீட்டில் குவிந்திருந்த பனியைத் தட்டிவிட்டார். பிறகு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

“அண்ணை, சைக்கிள்?” என்று நாகேஸ்வரி வாசலில் நின்று கேட்டார்.

“பாவம் தங்கச்சி, வருசம் முழுக்க ஓடிக் களைச்சுப்போச்சு. இண்டைக்கு நிக்கட்டும்.”

வசந்தத்தில் பூட்டின் திறப்பைத் தொலைத்த நாளிலிருந்து அந்தச் சைக்கிள் வாசல் கம்பியை விட்டு அசையவே இல்லை. கடையைத் திறப்பதும் பூட்டுவதும் அவரே என்பதால் யாருக்கும் தெரியாது. தினமும் மெட்ரோவில்தான் வருகிறார். மெட்ரோ நிலையப் படியிறங்கியதும் மறக்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறார்.