சிவப்புச் சீட்டு

"ஆறாயிரம் டாலரா? தம்பி, நான் ஓட்டுற வண்டியே அவ்வளவு பெறாது!"

பக்கத்து வீட்டு கோர்டி, நிலவறைப் படியில் நின்றபடியே கத்தினார். வீட்டுக்காரி ஆர்டிஸுக்கென்று அவர் சுட்டு எடுத்து வந்த உருளைக்கிழங்குப் பலகாரம் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் லைல் ஃபர்னஸ் பக்கம் திரும்பினான். வீட்டைச் சூடாக்கும் அந்த இயந்திரத்துக்குப் போகும் கேஸ் குழாயை மூடினான். அதன் கழுத்தில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டினான். இனி யாரும் இதைப் பற்றவைக்கக் கூடாது என்று அர்த்தம். வீடு முழுக்கச் சூடான காற்றை ஊதிக்கொண்டிருந்த சத்தம் மெல்ல அடங்கியது.

அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரை ஊரான டுலூத்தில் ஜனவரி மத்தியானம். வெளியே மைனஸ் இருபத்தாறு டிகிரி. ஏரியின் மேல் வெண்புகை எழும்பி, ஏரியே எங்கோ கிளம்பிப் போவதுபோல் இருந்தது.

"உள்ளே வெடிப்பு இருக்குங்க," என்றான் லைல்.

"எல்லா மெக்கானிக்கும் சொல்ற வெடிப்புதானே! போன வருஷம் என் மச்சானை இப்படித்தான் மொட்டையடிச்சாங்க. ஃபோன்ல ஏதோ படம் காட்டுவீங்க, அது எந்த வீட்டு ஃபர்னஸோ! என் கண்ணெதிர்ல கேமராவை உள்ளே விடு."

லைல் விட்டான். சின்னத் திரையில், துருவுக்கு நடுவே, தலைமுடி ஒட்டிக்கொண்டதுபோல் ஒரு கோடு.

கோர்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சரி, இருக்கு. அதுக்காக ஆறாயிரமா?"

"புதுசா மாத்தினா ஆறாயிரம்னேன். மிச்சத்தைச் சொல்ல விட்டாதானே? இது பதினாறு வருஷ மெஷின். வெடிச்ச பாகத்துக்கு இருபது வருஷ வாரண்டி. கம்பெனியே சும்மா தரும். என் கூலி மட்டும் ஆயிரத்து முந்நூறு. வியாழக்கிழமை மாட்டிடலாம். அதுவரைக்கும் ரெண்டு கரண்ட் ஹீட்டர் வச்சுட்டுப் போறேன்."

கோர்டிக்குச் சண்டை போட ஒன்றும் இல்லாமல் போயிற்று.

ஆனால் பக்கத்திலேயே நின்றிருந்த ஆர்டிஸ்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"தம்பி, இதுல பாதி ரிப்பேர் மாதிரி எதுவும் கிடையாதா?"

"பாதியா?"

"இன்னும் ஒரு பத்து நாள் இப்படியே ஓடட்டுமே. அப்புறம் பார்த்துக்கலாம்."

"சீட்டுக் கட்டியாச்சும்மா. திரும்பத் திறந்துவிட்டா என் லைசென்ஸ் போயிடும்."

"ஒரு வாரம்?"

கோர்டிக்குப் பொறுக்கவில்லை. "ஏரிக்கரையில இருந்த இன்னொரு வீட்டை வித்த பணம் பாங்க்ல தூங்குது. ஆயிரத்து முந்நூறுக்கு மூக்கால அழறே! ஒரே காபித்தூளை நீ ரெண்டு தரம் கொதிக்கவைக்கிறது தெரு முழுக்கத் தெரியும், அதுக்காக இதிலயுமா? மெல்வின் இருந்திருந்தா..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மெல்வின், ஆர்டிஸின் கணவர். போய் இரண்டு வருஷமாகிறது.

"அவர் இருந்திருந்தா அக்டோபர் பொறந்ததுமே ஆளைக் கூப்பிட்டுச் சோதிச்சிருப்பார்," என்றாள் ஆர்டிஸ். "நூத்தைம்பது டாலர் செலவுல அப்பவே தெரிஞ்சிருக்கும்."

லைல் காற்றைச் சோதிக்கும் ஒரு சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு மேலே போனான். இருவரும் பின்னால் ஏறினார்கள். ஹாலில், ஜன்னலோர நாற்காலிக்குப் பக்கத்தில் அவன் நின்றுவிட்டான். கருவியில் எண் ஏறிக்கொண்டே போனது.

"இதுல யாரும்மா உக்காருவாங்க?"

"நான்தான். மத்தியானம் சாப்பிட்டப்புறம்."

"தலைவலி வருமா?"

"கொஞ்சம்."

"தூக்கம்?"

ஆர்டிஸ் சிரித்தாள். "தூக்கம்னு சொல்ல முடியாது. கண்ணு சொக்கும். ஜன்னல் முழுக்க பனி வெளிச்சம் பால் மாதிரி நிறையும். அப்ப மெல்வின் வருவார். தோள்ல இருக்கிற பனியைக்கூட உதறாம எதிர்ல வந்து உக்காருவார். பேசமாட்டார். என்னையே பார்த்துட்டிருப்பார். மூணு வாரமா, தினமும்."

லைல் போய் ஜன்னலைத் திறந்துவிட்டான். குளிர் உள்ளே வந்து மூவருக்கும் நடுவில் நின்றது.

"அம்மா," என்றான் மெதுவாக. "அது நச்சுக் காத்து. வாசனையே இருக்காது, ஆனா இல்லாததெல்லாம் கண்ணுல தெரியும். அந்த வெடிப்பு வழியா வீட்டுக்குள்ள கசிஞ்சிருக்கு. அதுக்கு எச்சரிக்கை மணி வச்சிருப்பாங்களே, இங்க இல்லையா?"

"இருந்தது. ஓயாம கீச்சுகீச்சுன்னு கத்திச்சு. பேட்டரியைக் கழட்டிட்டேன்."

"இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா நீங்க அந்த நாற்காலியை விட்டு எழுந்திருச்சிருக்கவே மாட்டீங்க."

"தெரியும். போன வாரமே லைப்ரரில படிச்சேன்."

கோர்டி பலகாரத் தட்டை மேஜைமேல் வைத்தார்.

"தெரிஞ்சுமா உக்கார்ந்தே? தெரிஞ்சுமா இவன்கிட்ட பத்து நாள் கேட்டே? நான் உன்னைக் கஞ்சம்னு... அடிப்பாவி, அப்ப இவனை எதுக்குத்தான் கூப்பிட்டே?"

ஆர்டிஸ் லைலின் கையிலிருந்த தாளை வாங்கினாள். ஆயிரத்து முந்நூறுக்குக் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"நேத்துதான் முதல் தடவையா வாயைத் திறந்தார், கோர்டி. உக்காரக்கூட இல்லை. 'ஆர்டிஸ், ஃபர்னஸ்காரனைக் கூப்பிடு. நான் இனிமே வரமாட்டேன்'னார்."