க்ளாஸனுக்கு முதல் இடம்

“மாமா, உங்க க்ளாஸன் நின்ன இடத்தை விட்டு நகரவே மாட்டான்னு சொல்றீங்க. சுவர்கூடத்தான் நகராது. அதுக்காக சுவரை டீம்ல சேத்துக்க முடியுமா?”

மாப்பிள்ளை நோலன் இப்படிக் கேட்டதும் ஹார்லனுக்குச் சுர்ரென்று ஏறியது. கடிக்கப்போன சாஸேஜைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

விஸ்கான்சினில் அது நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. டிவியில் ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அதுவரை இருவரும் வழக்கமான வேலையில் இறங்கியிருந்தார்கள். தங்கள் அமெரிக்க ஃபுட்பால் டீமின் வரலாற்றிலேயே தலைசிறந்த முன்வரிசைக்காரர்கள் யார் யார் என்று வரிசைப்படுத்தும் வேலை. பந்தை எறிகிறவனுக்கு முன்னால் மதில்போல் நின்று, பாய்ந்து வருகிறவர்களை முட்டித் தள்ளுவார்களே, அந்தத் தடியர்கள். ஊரே பந்து எறிகிறவனின் பெயர் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு திரிய, இவர்கள் இருவருக்கு மட்டும் அந்தத் தடியர்கள்மேல் அப்படி ஒரு பாசம். மகள் ஜில்லியனின் கல்யாணத்துக்கு மறுவாரம் தொடங்கிய விவாதம். இன்னும் முதல் இடமே முடிவாகவில்லை.

ஹார்லனுக்கு ஆர்வில் க்ளாஸன்தான் தெய்வம். நோலனோ பொலாசெக் என்பவனைத் தூக்கிப் பிடித்தான். க்ளாஸன் காலத்தில் எதிரில் நின்றவனெல்லாம் வாரம் முழுக்கப் பால் வண்டி ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட வந்தவன், அவனைத் தள்ளுவது ஒரு பெரிய காரியமா என்பது நோலனின் கட்சி. பொலாசெக் எங்கே தள்ளினான், எதிராளியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான் என்பது ஹார்லனின் கட்சி.

“கட்டிப்பிடிக்கிறதுக்கெல்லாம் இடம் கொடுத்தா, எங்க பெர்னீஸ் அத்தைக்குத்தான் முதல் இடம் கொடுக்கணும்” என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். க்ளாஸன் எப்படி நிற்பான் என்று காட்டுவதாகச் சொல்லி, அறுபத்தெட்டு வயதில் கம்பளத்தின்மேல் ஒரு கையை ஊன்றிக் குனிந்தார். குனிந்தவரால் நிமிர முடியவில்லை. தூக்கிவிட வந்த நோலனைப் பொலாசெக் என்று நினைத்தாரோ என்னவோ, தோளால் ஒரு முட்டு முட்டினார். இருவரும் சேர்ந்து மேஜைவிளக்கின்மேல் சாய்ந்தார்கள்.

“பாத்தீங்களா, உங்க க்ளாஸன் விழுந்துட்டான்” என்றான் நோலன், விளக்கின் துண்டுகளுக்கு நடுவில் படுத்தபடி.

அவனை வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார் ஹார்லன். அவனும் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

துடைப்பத்தோடு வந்த அவர் மனைவி லொரெட்டாவுக்குக் கோபமே வரவில்லை. முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. “போனா போகட்டும், விடுங்க. மூணு மணிக்கு ஜில்லியன் வர்றா. இன்னைக்கு ஒரு நாளாவது வீடு அமைதியா இருக்கட்டும்” என்றாள்.

ஆட்டம் தொடங்கியது. டீம் முதல் பத்து நிமிடத்திலேயே புள்ளி எடுத்தது. குத்துவதற்குப் பக்கத்தில் ஒரு தோள் இல்லாமல் ஹார்லன் சோபாவைக் குத்திப் பார்த்தார். சுகப்படவில்லை. இடது பக்கத் தடியன் ஒருவன் அருமையாக ஒரு முட்டு முட்டினான். அதை லொரெட்டாவிடம் சொன்னார். “அப்படியா” என்றாள். அந்த ‘அப்படியா’வை அவரால் தாங்க முடியவில்லை.

இடைவேளைகூட வரவில்லை. வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கிவிட்டார். எங்கே போய்த் தேடுவது என்ற யோசனையோடு தெருமுனை திரும்பினால், அங்கேயே நின்றது நோலனின் வண்டி. கண்ணாடி முழுக்கப் பனி. உள்ளே உட்கார்ந்து ரேடியோவில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகவும் மனமில்லை, திரும்பி வரவும் ரோஷம் விடவில்லை.

ஹார்லன் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

“பொலாசெக்குக்கு ரெண்டாவது இடம் தர்றேன்” என்றார் ஹார்லன். வாழ்க்கையில் அவர் யாருக்கும் இவ்வளவு இறங்கிப் போனதில்லை.

நோலன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “க்ளாஸன் சுவர்னு சொன்னது தப்புதான் மாமா. எங்க தாத்தாவே அவன்மேல ஒரு தடவை முட்டிட்டு, மூணு நாள் பால் வண்டி ஓட்டலை.”

“இதை ஏன்டா இத்தனை வருஷமா சொல்லலை?”

“சொன்னா நீங்க ஜெயிச்சிடுவீங்களே.”

இருவரும் வீட்டுக்குள் நுழைந்தபோது, லொரெட்டா நோலனைப் பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். அவர்கள் கவனிக்கவில்லை. ஆறிப்போன சாஸேஜைச் சுடவைத்துக்கொண்டு, மூன்றாவது இடம் யாருக்கு என்று தொடங்கிவிட்டார்கள்.

சொன்னபடி மூன்று மணிக்கு ஜில்லியன் வந்தாள். இடுப்பில் குழந்தை. பின்னாலேயே அவள் கணவன் பீட்டர், கையில் கேக் டப்பாவோடு. சோபாவில் அப்பாவோடு தோளுரசி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அப்பா, நானும் நோலனும் விவாகரத்து பண்ணி நாலு வருஷம் ஆச்சு.”

“நீதானேம்மா பண்ணே” என்றார் ஹார்லன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் பண்ணலையே.”