பி.எஃப். தெரிந்த சாமி

காவி கட்டிய முதல் வாரத்திலேயே தசரதனுக்கு ஒன்று புரிந்துவிட்டது. தலைமறைவாக இருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது தன்னிடம் கொஞ்சமும் இல்லை.

தாடி முழுசாக வளர மாட்டேன் என்றது. ஒரு கன்னத்தில் புதர், இன்னொரு கன்னத்தில் பொட்டல். ருத்ராட்சம் கழுத்தில் அரித்தது. தியானம் என்று கண்ணை மூடினால் குறட்டை வந்தது. கிரிவலம் வருகிறவர்கள் காலில் விழுந்தால் இவர் பதறிப்போய்த் தானும் குனிவார். அப்படி ஒரு அம்மாளின் தலையோடு முட்டிக்கொண்டு, ஆசீர்வாதத்துக்குப் பதில் மன்னிப்புக் கேட்டதும் உண்டு.

'இத்தனை வருஷம் அடுத்தவன் பணத்தில் கை வைத்துத்தானே சாப்பிட்டாய்? அனுபவிடா' என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

அடி அண்ணாமலையில், மணியம்மாளின் டீக்கடைக்கு எதிரே இருந்த புளியமரத்தடிதான் அவருக்கு ஜாகை. கார் வந்து நின்றால் மரத்துக்குப் பின்னால் போய்விடுவார். யாராவது செல்போனைத் தூக்கினால் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். வேலூர் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், பக்கத்துக் கொல்லையில் இறங்கி ஓட்டம்தான். இன்னார் என்று தெரிந்துவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது ஒன்றுதான் அவருடைய பயம்.

மணியம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் காரணம் இருந்தது. வேலூர்ப் பக்கம் ஒருவன் ஃபைனான்ஸ் நடத்தி, 'ரிடையரான பணத்தை எங்கிட்ட போடுங்க, வட்டிக்கு வரியே வராது' என்று ஆசை காட்டி, எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஓடியிருந்தான். அவளுடைய அண்ணன் பணமும் அதில் போனது. ஓடினவன் சாமியார் வேஷத்தில் திரிவதாக ஊரெல்லாம் பேச்சு.

அன்று காலை பாலாஜி டீ குடிக்க வந்தான். ஒரகடத்தில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிட்ட பையன்.

"இன்னாடா, பி.எஃப். பணம் எடுத்துட்டியா?" என்றாள் மணியம்மாள்.

"எங்கக்கா! எடுத்தா பாதிய வரின்னு புடிச்சிக்குவாங்களாம். பயமா கீது."

"பாதியா? முக்கால்வாசின்னு இல்ல சொன்னாங்க!"

மரத்தடியில் தசரதனுக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்தார். மூச்சை அடக்கினார். வாயைத் திறக்காதே, மாட்டிக்கொள்வாய் என்று மனசு கெஞ்சியது. அந்த வாய் என்றைக்கு அவர் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"எத்தினி வருஷம் சர்வீஸ்?" என்று கேட்டேவிட்டார்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏழு வருஷம், சாமி."

"அப்புறம் இன்னா பயம்? அஞ்சு வருஷம் தாண்டிட்டா வரி கிடையாது. அதுக்கு முன்ன எடுத்தாதான் புடிப்பாங்க. பான் கார்டும் சேக்கலன்னா இன்னும் ஜாஸ்தி புடிப்பாங்க. நீ சேத்துட்டியா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. நீங்களே சொல்லுங்கள், திருவோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் பான் கார்டைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"காவி கட்டறதுக்கு முன்ன சாமிக்கு இன்னா தொழில்?" மணியம்மாள் குரலில் சர்க்கரை ஜாஸ்தி.

"எல்லாம் அவன் செயல்" என்று தசரதன் அவசரமாக மலையைக் காட்டினார்.

அவள் சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு டீ கொடுத்தாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அர்ஜுனன் லத்தியை மேசைமேல் வைத்தார். கூடவே வந்த மணியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"யோவ் சாமி, ரிடையரானவங்க பணத்தையெல்லாம் எங்கய்யா வச்சிருக்கே?"

"நான் எடுக்கலீங்க."

"பின்ன வேலூர் வண்டியப் பாத்தா ஏன்யா ஓடறே?"

"எங்கண்ணன் சோறு தண்ணி இல்லாம படுத்துக் கெடக்குது, பாவி!" என்று கத்தினாள் மணியம்மாள்.

தசரதன் உடைந்துபோய்க் கைகூப்பினார்.

"சொல்லிடறேங்க. தயவுபண்ணி வெளியில மட்டும் சொல்லிடாதீங்க. நான் வேலூர்ல இன்கம்டாக்ஸ் ஆபீஸ்ல இருந்து ரிடையரானவன். அன்னியிலேர்ந்து என்னை நிம்மதியா குந்த விடலீங்க. கதவைத் தொறந்தா பால்காரர், பி.பி.எஃப். வட்டிக்கு வரியான்னு கேக்கறார். கல்யாணத்துக்குப் போனா மாப்பிள்ளையே மணையிலேர்ந்து எழுந்து வந்து என்.பி.எஸ். போடலாமான்னு கேக்கறான். சாவு வீட்டுல பொணத்தை எடுக்கறதுக்கு முன்னயே, நாமினிக்கு வர்ற பணத்துக்கு வரி உண்டான்னு கேக்கறாங்க. ரிட்டர்ன் போடற மாசம் முடியற வரைக்கும் இங்க ஒளிஞ்சிருந்துட்டுப் போலாம்னு, எங்க வீட்டம்மாதான் இந்தக் காவியே வாங்கிக் குடுத்தாங்க."

இன்ஸ்பெக்டர் அந்த அம்மாளுக்கு போன் போட்டு விசாரித்தார். அத்தனையும் நிஜம்.

போனை வைத்தார். எழுந்துபோய், மணியம்மாளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். லத்தியை மூலையில் வைத்தார். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார்..." என்றார் பணிவாக. "எங்க வீட்ல நாலு வருஷம் ஸ்கூல்ல டீச்சரா இருந்து நின்னுட்டாங்க. அந்த பி.எஃப். பணத்தை இப்ப எடுத்தா வரி புடிப்பாங்களா சார்?"

ஜன்னலுக்கு வெளியே ரைட்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வந்து நின்றார்கள். அவர்களை இடித்துக்கொண்டு மணியம்மாள், "மொதல்ல எங்கண்ணன் விஷயம் கேட்டுக்கறேன், தள்ளுங்க" என்றாள்.

தசரதன் இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினார்: "ஐயா, அந்த ஃபைனான்ஸ்காரன் நான்தாங்க, என்னை லாக்கப்புல போட்டுப் பூட்டிடுங்க!"