ஐஸ்லாந்தில் இரண்டு நாள்

“அண்ணியையும் கூட்டிட்டுப் போகலாமேங்க” என்று மனைவி ரோகினி மூன்றாவது தடவையாகக் கேட்டதும், கணேசமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அக்கா வரக்கூடாதுன்னா சொல்றேன்? குளிருலா. வழியில ஐஸ்லாந்துல ரெண்டு நாள் நிக்கிறோம். அங்க அடிக்கிற காத்துல கார் கதவே பிச்சிக்கிட்டுப் போவுதாம். முட்டிவலிக்காரங்க தாங்குவாங்களா?”

“அப்ப ஐஸ்லாந்த விட்டுட்டு நேரா போவோம்.”

“ஷாமினி டிக்கெட் போட்டாச்சு. இனி மாத்த முடியாது.”

டொரோண்டோவில் நர்ஸாக இருக்கும் ஒரே மகள் ஷாமினிக்கு நவம்பர் கடைசியில் கல்யாணம். ‘ஒரே மூச்சுல வந்தா களைச்சுப் போயிருவீங்கப்பா. ஐஸ்லாந்துல இறங்கி, அருவியெல்லாம் பாத்துட்டு வாங்க’ என்று ஏற்பாடு செய்தவள் அவள்தான். மலேசியாவில், அவர்கள் ஊரான பெடாஸின் கடைத்தெருவில் மட்டும் அது கணேசமூர்த்தியின் சொந்த யோசனையாக உலாவிக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லியே பழகியவர். பயணத் திட்டத்தையும் அப்படித்தான் போட்டார். இடது கைப்பக்கம் கோயில் காலண்டர், வலது கைப்பக்கம் கைப்பேசி.

“சனிக்கிழமை ஒம்போதுக்கு டூர் பஸ் கிளம்புது. ஒம்போதுலேர்ந்து பத்தரை ராகு காலம். அடுத்த பஸ்ஸுல போவோம்.”

“அங்க சூரியனே பத்தரைக்குத்தான் எழும்புதாம். ராகு மட்டும் அதுக்கு முன்னாடியே வேலைக்கு வந்துருவாரா?”

“நமக்கு எங்க போனாலும் மலேசியா டைம்தான்.”

“அப்ப அது அங்க நாம தூங்குற நேரம். தாராளமா ஒம்போது பஸ்ஸுலயே போவலாம்.”

கணேசமூர்த்தி காலண்டரை மடித்து வைத்தார்.

அக்கா முத்தாயி வரக்கூடாது என்பதற்கான உண்மைக் காரணத்தை அவர் சொன்னது ஒரே ஆளிடம்தான். தோட்டத்தில் லோரி ஓட்டிய மணியத்திடம், சாப்பாட்டுக் கடையில் வைத்து.

“அக்கா புருஷன் செத்து முப்பது வருஷமாச்சு. நலுங்கு வைக்கிற எடத்துல அவங்க முன்னால நின்னா நல்லாவா இருக்கும்? மக வாழ்க்கைலா, மணியம்.”

மணியம் நுரை ததும்பும் தே தாரிக் டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

“ஒம் பொண்டாட்டி ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் ஓடுனப்ப, பாப்பாவ ஆறு வருஷம் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஸ்கூலுக்கு அனுப்புனது முத்தாயிதானே? அப்பவும் அவங்க கழுத்துல தாலி இல்லயே, கிராணி?”

“அது வேற, இது வேற.”

“ஆமாமா. அது வேலை. இது மரியாதை.”

கணேசமூர்த்தி உடனே ஐஸ்லாந்து வானத்தில் தெரியும் பச்சை வெளிச்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். முத்தாயி இன்னும் பழைய லயத்து வீட்டில்தான் இருந்தார். குளிர், காற்று, முட்டிவலி என்று வரிசையாகச் சொல்ல வழியெல்லாம் கணேசமூர்த்தி ஒத்திகை பார்த்து வந்திருந்தார். குளிரைத் தாண்டுவதற்குள் முத்தாயி முடித்துவைத்தார்.

“அதனால என்ன தம்பி? நீங்க ரெண்டு பேரும் போயி நல்லா சுத்திப் பாருங்க. அவசரப்பட்டுக் கிளம்பிறாதீங்க.”

அழுகை இல்லை. முகம்கூடச் சுண்டவில்லை. ஆறுதலுக்கென்று வைத்திருந்த நாலு வார்த்தை வீணாய்ப் போனதில் கணேசமூர்த்திக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

“ஷாமினிகிட்ட ஏதாச்சும் சொல்லணுமாக்கா?”

“வேணாம்பா. நானே சொல்லிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐஸ்லாந்தில் ஓர் அருவிக்கு எதிரில், மூன்று ஸ்வெட்டருக்குள் உருண்டையாக நின்றார் கணேசமூர்த்தி. காற்று சொன்னபடியே அடித்தது. அருவியோடு சேர்த்துத் தன்னையும் மகளுக்குக் காட்ட வீடியோ காலில் அழைத்தார்.

திரையில் வந்த ஷாமினியின் கன்னமெல்லாம் மஞ்சள்.

“என்னம்மா இது? நலுங்கு புதன்கிழமைதானே?”

“அது நீங்களும் அம்மாவும் வைக்கிற ரெண்டாவது நலுங்குப்பா. இன்னிக்கு மொத நலுங்கு.”

“நாங்க வராமலா? யாரு வச்சது?”

ஷாமினி கைப்பேசியைத் திருப்பினாள். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டையும், இரண்டு கையிலும் மஞ்சளுமாக முத்தாயி நின்றிருந்தார்.

“அருவி பெரிசா இருக்கா தம்பி?” என்று விசாரித்தார்.

கணேசமூர்த்தி ரோகினியைப் பார்த்தார். ரோகினி அருவியைப் பார்த்தாள்.

“அக்கா... எப்படிம்மா அங்க?”

“நான்தான் டிக்கெட் போட்டேன். நீங்க கிளம்பின மறுநாள் மணியம் மாமா ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோயி ஏத்திவிட்டாரு. அத்தை நேத்தே வந்துட்டாங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” கணேசமூர்த்திக்குக் குரல் ஏறியது. “சொல்லியிருந்தா நானும் நேரா அங்க வந்திருப்பேன்ல!”

“வந்திருப்பீங்கன்னுதாம்ப்பா ஐஸ்லாந்து” என்றாள் ஷாமினி.